நின்றால் தட்டுவார்

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தானும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஊரார் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன் என்று நாள் முழுக்க முக்காலியில் உட்காராதே, சாய்மானம் வைத்த நாற்காலி வாங்கு என்று போன தடவையே சொன்னேன். நீ எங்கே கேட்கப் போகிறாய்.

இப்போது சிரிக்காமல் படி. நான் பியானோ கற்றுக்கொள்கிறேன்.

சிரித்து முடித்தாயா? மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்ததே, கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் விறகு மாதிரி நீட்டிக்கொண்டே நின்றன. "டைப் அடிங்க, இல்லன்னா பியானோ வாசிங்க. விரல் ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர். அத்தான் உடனே டைப்ரைட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு என்ன தோன்றியதோ, "பியானோ" என்று வாய் முந்திக்கொண்டது. அத்தானும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

நாலு தெரு தள்ளி ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு கூடம். அங்கே சொல்லிக் கொடுக்கிறவள் என் வயதில் பாதிகூட இருக்க மாட்டாள். உடம்பும் குரலும் குருவிதான். குருவி என்றே கூப்பிடுகிறேன். வியாழக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம் நெரியும், ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் எல்லாம் கண் காட்ட வருவார்கள். அதனால் அவர் துணைக்கு வர முடிவதில்லை. நானே போகிறேன், நானே வருகிறேன். தெருவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, போ.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். புதிதாகக் கற்கிறவர் வாரத்தில் எத்தனை நாள் வகுப்புக்குப் போக வேண்டும்? ஒரு நாள் போதும் என்கிறாள் குருவி. சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? என் மண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மூன்று நாள், நாலு நாள் போனால்தானே ஏறும்? யோசித்துப் பதில் எழுது. தொலைபேசி கடையில் அத்தான் மேஜைமேல் இருக்கிறது, வாடிக்கைக்காரர்கள் கூப்பிடுகிற நேரத்தில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

இதை அத்தானும் வாசித்தார். மூன்று எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

பாசத்துடன்,
அக்கா


ஜனவரி 25

என் அருமை அக்காவுக்கு,

உன் வால் எழுதுவது. முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதாக இல்லை. நீயும் அத்தானும் சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி.

நான் சிரிக்கவில்லை. விழுந்து புரண்டேன். சிறுவயதில் நம் இருவரையும் பாட்டு வகுப்புக்கு அனுப்பியபோது கொல்லைச் சுவரேறிக் குதித்து ஓடியது யார்? "மூத்தவ காத்து மாதிரி, அவளை எதுலயும் அடைக்க முடியாது" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அந்தக் காற்று இன்று பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறதாம்.

சரி, தொழிலுக்கு வருகிறேன். இதில் எனக்கு விளையாட்டுக் கிடையாது. குருவி சொல்வதுதான் சரி. ஆரம்பத்தில் இருப்பவருக்கு வாரம் ஒரு வகுப்பு தாராளம். நாலு நாள் போனால் நாலு நாளும் அதே தப்பைத்தான் கொண்டு போவாய். ஆசிரியர் வழி காட்டலாம், கற்றுக்கொள்வதெல்லாம் தனியாக உட்கார்ந்து பழகும்போதுதான். தினமும் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அடித்து நொறுக்குவதைவிட அது நூறு மடங்கு மேல். சிறு துளி பெரு வெள்ளம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்,
வாலு


பிப்ரவரி 9

வாலு கண்ணே,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, பசிகூட நன்றாக எடுக்கிறது.

இதைக் குருவியின் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானே தபால்பெட்டியில் போடப் போகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். "தினமும் பழக வேண்டும்" என்று நீ எழுதியதை அத்தான் இரண்டு தரம் வாசித்தார். நம் வீட்டில் பியானோ ஏது? அதனால் திங்களும் புதனும் காலையில் இந்தக் கூடத்தில் வந்து பழகுவதற்குக் குருவி இடம் கொடுத்திருக்கிறாள். ஆக, வாரத்தில் மூன்று நாள்!

விரல் இன்னும் தடுமாறுகிறது. வலது கை ஒழுங்காகப் போகும், இடது கை வந்து சேர்ந்ததும் இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒரு சின்னப் பாட்டு. அதில் மூன்றாவது வரியில் சுண்டுவிரல் வைக்க வேண்டிய இடத்தில் மோதிரவிரலை வைத்துவிட்டு, "ஐயோ" என்று நின்று, மறுபடி முதலிலிருந்து. குருவி சிரிக்கிறாள்.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? முடித்துவிட்டு வரும்போது சிவப்பு பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். செருப்புத் தைப்பவர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். ஒருத்தி தினமும் நாயோடு சண்டை போட்டுக்கொண்டே போகிறாள். பஸ் வருகிறது, காலியாகிறது, மறுபடி நிரம்பிப் போகிறது. நான் எங்கும் போவதில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு அது போதும். அழுகைகூட வருகிறது, சந்தோஷத்தில்தான்.

பியானோக் கூடத்தில் பழகுவதுதான் நல்லது, அடிக்கடி போக வேண்டும் என்று அழுத்தமாக ஒரு வரி எழுது. நீ எழுதினால் வேதவாக்கு. உன் கடிதம் எப்போதும்போல் கடைக்குத்தான் வரும்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

நலம்தானே? எனக்கு மூச்சுவிட நேரமில்லை, பிள்ளைகளுக்குத் தேர்வு. நாலே வரி.

சுண்டுவிரல் தடுமாறினால் அந்த ஒரு வரியை மட்டும் மெதுவாகப் பத்துத் தரம் வாசி, முதலிலிருந்து ஆரம்பிக்காதே. கூடத்தில் பழகுவது தப்பில்லை, ஆனால் சொந்தப் பியானோவுக்கு ஈடாகாது. அடுப்பு ஒரு வீட்டிலும் அரிசி ஒரு வீட்டிலும் வைத்துச் சமைக்கிற கதைதான் அது.

பியானோவைவிட உனக்கு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுதான் பிடித்திருக்கிறது போலிருக்கிறதே! கால் ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாயாமே, கள்ளி. மாறவே இல்லை நீ.

வாலு


பிப்ரவரி 26

அன்புள்ள மைத்துனிக்கு,

அத்தான் எழுதுவது. இறையருளால் நாங்கள் நலம். உன் முதுகுவலிக்குக் கண்ணாடியும் ஒரு காரணமாக இருக்கலாம். குனிந்து பார்க்கிறாய் போலும். அடுத்த முறை வரும்போது பரிசோதித்துத் தருகிறேன்.

உன் அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். குழந்தை மனசு அவளுக்கு. வாரம் மூன்று நாள் வெயிலில் அலைகிறாள். பஸ் நிறுத்தத்தில் உட்காருகிறாள் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும், களைத்துப்போய்த்தானே உட்கார்ந்திருப்பாள்? ஒருமுறை விழுந்து கை உடைத்துக்கொண்டவள். தெருவில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது? கடையில் எனக்குக் கை ஓடவில்லை.

ஆகவே நிபுணர் என்ற முறையில் உன்னைக் கேட்கிறேன். வீட்டிலேயே பியானோ இருந்தால் எத்தனை நாளைக்கு ஒருமுறை வகுப்பு அவசியம்? நீ நேர்மையானவள், ஒளிக்காமல் எழுதுவாய் என்று நம்புகிறேன்.

ஆசிகளுடன்,
அத்தான்


மார்ச் 6

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அக்கா மேல் உங்களுக்கு இருக்கும் கரிசனத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் படிக்கும் பெண்களின் கணவர்களில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை.

தொழில் முறையில் சொல்கிறேன். வீட்டில் பியானோ இருந்து, தினமும் பழக்கமும் இருந்தால், பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு வகுப்பே போதும். ஆசிரியை வீட்டுக்கே வந்தால் இன்னும் நல்லது, சொந்தப் பியானோவில் விரல் பழகும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. விடாமல் வாசிக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

வாங்குவதானால் இரண்டு விஷயம். பியானோவுக்கு வெயில் ஆகாது, ஈரக்காற்றும் ஆகாது. ஜன்னல் பக்கம் என்றால் ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும். வாங்கிய பிறகு புது இடத்தில் பதிந்ததும் ஒருமுறை சுதி கூட்ட வேண்டும்.

அக்கா கொடுத்து வைத்தவள்.

அன்புடன்,
மைத்துனி


மார்ச் 28

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா?

பியானோ வந்துவிட்டது. படி குறுகல் என்பதால் தெருப்பக்க ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. "பொண்டாட்டிக்குப் பியானோ வாங்கித் தந்த மனுஷன்" என்று அத்தானுக்கு ஒரே பேர். அந்த நாய்க்காரிகூட நின்று பார்த்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் நின்று தெருவைப் பார்த்தேன், காற்று முகத்தில் அடித்தது. பிறகு ஜன்னலைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். நீ எழுதியபடி அதைச் சாத்தித் திரையும் போட்டாயிற்று. பியானோ நன்றாக இருக்கிறது.

குருவி பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கே வருகிறாள். அத்தான் கூட உட்கார்ந்து பார்க்கிறார்.

காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்றுதான் ஆரம்பித்தேன். நான் வாசிப்பது கீழே கடைக்கு நன்றாகக் கேட்கிறது. அத்தான் இருட்டறையில் கண் பரிசோதித்துக்கொண்டே கேட்பார். வாசிப்பு நின்றால், ஷட்டர் இழுக்கிற இரும்புக் கொக்கியால் மேல்கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கவலை. நான் மறுபடி வாசித்தால் சமாதானம். பாவம், அக்கறை. இப்போதெல்லாம் கடை திறந்திருக்கும் நேரம் முழுக்கவே வாசிக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒரு நாளைக்கு இவ்வளவு நேரத்துக்கு மேல் வாசித்தால் கெடுதல் என்று உங்கள் சாஸ்திரத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

இதை அத்தான் வாசித்தார். பிழை எதுவும் இல்லையாம்.

அக்கா


ஜூன் 11

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

உன் கடிதங்கள் வந்தன. பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வாசிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. குருவி இப்போது வருவதில்லை. அத்தான் நல்ல புத்தகம் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார், அதிலேயே எல்லாம் இருக்கிறது.

மூன்றாவது வரி இன்னும் வரவில்லை.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலமா? எனக்கு முதுகு தேவலை, கடைசியில் சாய்மான நாற்காலி வாங்கிவிட்டேன்.

அத்தான், ஒரு விஷயம். பியானோ வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் சுதி கூட்டவில்லை என்று நினைக்கிறேன். அப்படியே விட்டால் கம்பி இறங்கி மொத்தமும் பாழ். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் வேலையாக வருகிறார். தங்கமான மனிதர், ஆனால் வாய் ஓயாது. ஒவ்வொரு கட்டையாகத் தட்டித் தட்டிப் பார்ப்பார், அரை நாள் ஆகும். காது வலிக்கும், நீங்கள் கீழேயே இருங்கள். அக்கா மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். அவள் விரல் பலம் எப்படி என்று அவர் கேட்டுத்தான் சரி செய்வார்.

அக்கா, மூன்றாவது வரி வராவிட்டால் பரவாயில்லை. கேட்கிறதா? பரவாயில்லை.

வாலு


ஜூலை 3

வாலு,

சுதி கூட்ட வந்தவர் ஒரே கட்டையை டங் டங் என்று அடித்துக்கொண்டிருக்கிறார். "எழுதுங்கம்மா. நீங்க முடிக்கிற வரைக்கும் இது சுதி சேராது" என்று கண்ணைச் சிமிட்டினார். பியானோ மூடிமேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து குதிக்கும். நலம் விசாரிக்க நேரமில்லை. நான் நலமாக இல்லை.

முதலில் உன்னைத் திட்டி விடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டு எழுத வராது. நான் உன்னிடம் என்ன கேட்டேன்? வாரத்துக்கு எத்தனை நாள் என்றுதானே? மூன்று என்று எழுதினால் உன் கை தேய்ந்துவிடுமா? பெஞ்சு விஷயத்தைக் கடைக்கு வருகிற கடிதத்திலா எழுதுவாய்? "கொடுத்து வைத்தவள்" என்று வேறு எழுதினாயே, பாவி. அதை அத்தான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினார். ஒரு மாதம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் வாசித்தேன். பிறகு நினைத்தேன், நான் சொல்லாததை நீ எப்படிக் கேட்பாய்?

சொல்கிறேன். அவர் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஊரே தங்கம் என்கிறது. "எனக்கு மூச்சு முட்டுது"ன்னு யாரிடமாவது சொன்னால், "உனக்கு என்னம்மா குறை?" என்றுதான் கேட்பார்கள். நானே என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருடமும் கேட்டுக்கேட்டுத்தான் வாழ்ந்தேன்.

படியிறங்கினால் கடை. கடையைத் தாண்டித்தான் தெரு. "எங்கம்மா?" என்பார், சிரித்த முகமாகத்தான். எங்கே என்று சொன்னால், வந்தவர்களை உட்கார வைத்துவிட்டுக் கூடவே கிளம்புவார். குடை பிடிப்பார். எங்கேயும் இல்லை, சும்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது. திரும்பி மேலே வந்துவிடுவேன். அப்படியே எத்தனையோ நாள். அந்த ரொட்டிக் கடை மாடிக்கு நான் பியானோவுக்காகவா போனேன்? எனக்குப் பியானோ பிடிக்கவே பிடிக்காது, வாலு.

இப்போது வாசிப்பு கேட்கிற வரைக்கும் அவர் இருட்டறையைவிட்டு வெளியே வரமாட்டார். "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கண்ணாடி மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே காதை மட்டும் மேலே வைத்திருப்பார். நான் நிறுத்தினால் தட்டு. பதில் இல்லாவிட்டால் படியில் காலடி. கடை வாசல் பூட்டாமல்தான் கிடக்கிறது. ஆனால் வாசிக்கிறவள் எப்படி இறங்கிப் போவாள்? என் கையாலேயே எனக்குக் காவல். இதை யோசித்து யோசித்து எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

எனக்கு வெளியே போகணும்டி. எங்கே, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று நீயும் கேட்காதே. வெளியே.

வந்தவர் சுதி சேர்த்துவிட்டார், கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். முடிக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்பு அக்காவுக்கு,

என் வீட்டு முகவரிக்கு நானே கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகும், தூக்கிவிட்டுத் தள்ளு. குருவியின் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டதை அவள் நடித்தே காட்டிவிட்டாள். அந்தப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏற மாட்டேன் என்று ஒரு பஸ்ஸை விட்டுவிட்டாயாமே? அடுத்ததில் ஏறினாயே, அது போதும்.

நீ படியிறங்கிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

உன் மூன்று நாள் பயிற்சி வீண்போகவில்லை. உனக்குத் தேர்வு வைக்க வருகிறேன் என்று அத்தானுக்கு எழுதிவிட்டு வந்து இறங்கிய அன்றே, கை அரித்து நான் ஒழுங்காக வாசித்துத் தொலைத்தேனே, கீழேயிருந்து "இது அவ இல்லையே!" என்று குரல் வந்ததே, அப்போதே புரிந்தது, உன் தப்போடு வாசித்தால்தான் நீ இறங்கிப் போக முடியும் என்று. கண்ணாடிக்காரருக்குப் பாம்புக்காது. உன்னைப்போல் வாசிக்க நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "அவசரப்படாதே, அங்கே மோதிரவிரல். தப்பு பண்ணு. இப்ப நில்லு. பெருமூச்சு விடு. மறுபடி முதல்லேர்ந்து." ஆயிரம் பிள்ளைகளின் தப்பைத் திருத்திய கைக்கு, ஒரு தப்பைக் கற்றுக்கொள்ள மூன்று நாள் பிடித்தது.

நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாய். நான் வாசித்தேன். கடைக் கதவில் கட்டிய மணி அடித்தது. வந்தவரா, நீயா என்று தெரியாமல் ஒரு நொடி நிறுத்திக் காது கொடுத்தேன். உடனே கீழேயிருந்து இரண்டு தட்டு. அக்கா, அந்தத் தட்டு உள்ளங்காலில் ஏறி மண்டை வரைக்கும் வந்தது. எழுதியிருந்தாய், வாசித்திருந்தேன், ஆனால் உள்ளங்காலில் பட்ட பிறகுதான் தெரிந்தது. இதற்கு நான்தானே அரை மணி, அரை மணி என்று மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். அழுதுகொண்டே வாசித்தேன். தப்பு மட்டும் தப்பவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்த பிறகு கையை எடுத்தேன். தட்டினார். நான் அசையவில்லை. மறுபடி தட்டினார். அப்புறம் படியில் காலடி.

"அவ எங்க?"

"வகுப்புக்குப் போயிருக்கா அத்தான்."

"எந்த வகுப்பு? வீட்டில பியானோ இருந்தா பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு போதும்னு நீதானே எழுதின? பத்திரமா வச்சிருக்கேன்."

"தப்பா எழுதிட்டேன். ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்குத் தினமும் வேணும்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். உன் செருப்பு வைக்கிற இடத்தைப் பார்த்தார். "எப்ப வருவா?" என்றார்.

"அதை மாணவிதான் சொல்லணும்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, "சத்தம் நின்னா என்னமோ மாதிரி இருக்கும்மா எனக்கு. அதான் தட்டுவேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"சத்தம் போட்டுக்கிட்டே இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்னு மேல வந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம் அத்தான்."

 பாவமாக இருந்தது, கோபமும் இருந்தது, ஒன்று வந்து இன்னொன்று போகவில்லை. கீழே ஒரு மனிதர் இருட்டறையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "சார், எனக்கு ரெண்டு வரி தெரியுது" என்று கத்திக்கொண்டிருந்தார். அத்தான் எழுந்து போனார். நான் அந்த ஜன்னலைத் திறந்தேன். ஈரத்தில் ஊதிப்போய் இறுகியிருந்தது, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியதாயிற்று. பியானோ பாழானால் ஆகட்டும்.

உன் மற்ற சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த வாரம் வருகிறேன். என் பியானோ அங்கே வீட்டுக் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும். அதைத் தொட வேண்டும் என்று உனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. துணி போட்டு மூடிவிடு.

உன்,
வாலு


ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டுத்தான் தள்ளினேன். உன் சாய்மான நாற்காலி ஒரு கால் குட்டை, எந்தக் கடைக்காரன் உன் தலையில் கட்டினான்?

முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் வாசல்வரை போய், யாராவது எங்கே என்று கேட்பார்களோ என்று நின்றேன். கேட்கவில்லை. போனேன். எங்கே என்று உனக்கும் சொல்ல மாட்டேன்.

பியானோவைத் துணி போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். இன்று காலையில் என்ன தோன்றியதோ, துணியை விலக்கி உட்கார்ந்தேன். அந்தப் பாட்டுத்தான், வேறு என்ன தெரியும் எனக்கு? மூன்றாவது வரியில் சுண்டுவிரல் தானாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கே பயமாகிவிட்டது. கையை எடுத்துவிட்டேன்.

எடுத்ததும் காது கீழே போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம். அப்புறம்தான் உறைத்தது. உன் வீட்டுக்குக் கீழே வீடு இல்லை, வாலு. மண்தான் இருக்கிறது.

காலைக் கீழே வைத்தேன். வரும்போது நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டை கொண்டு வா.

அக்கா